முட்டிவலிக்காரர் ஓடிய ஓட்டம்

நாலாம் மாடியில் இருந்த அந்த வீட்டின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். வேறு ஒன்றும் தெரியாது. அதையே பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் படுத்துக் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார் மாமனார். ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துபோன மனிதர். வாய் மட்டும் விழவில்லை. கோணிக்கொண்டாவது பேசிக்கொண்டே இருந்தது. அவர் போன பிறகு மகள், அதாவது மெக்கானிக்கின் மனைவி, அந்தக் காலிக் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். சமைப்பாள், துவைப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். பிறகு மறுபடியும் அங்கேதான் போய் உட்காருவாள்.

மெக்கானிக் என்றால் லிப்ட் மெக்கானிக். எத்தனையோ கட்டிடங்களில் லிப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது. அவர் குடியிருந்த கட்டிடத்தில் மட்டும் லிப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் வேலை இடத்தில் இல்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். ஆனால் அதில் சிரிக்க முடியாத சங்கதி ஒன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மாமனார் இந்த வீட்டுக்கு வந்து படுத்த புதிதில்தான் மெக்கானிக்குக்கு அடிபட்டது. லிப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கி, வலது முட்டி திருகிக்கொண்டது. நிஜமான அடி; முட்டி பன் மாதிரி வீங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமனார் கேட்டார்.

"மாப்பிள்ளை, கீழ வாசல்ல ஒரு பெஞ்சு இருக்குல்ல? ஒரு தடவை அங்க போய் உட்காரணும். நாலு மனுஷங்களைப் பார்க்கணும். இந்தத் தொட்டியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே நனைஞ்சு போச்சு."

"முட்டி சரியாகட்டும் மாமா. முதுகுல தூக்கிட்டு நானே இறக்கிடறேன்," என்றார் மெக்கானிக்.

சொன்னபோது மனசாரத்தான் சொன்னார். முட்டியும் சரியாகத்தான் செய்தது. சில மாதங்களில் வீக்கம் வற்றி, வலி போன இடம் தெரியவில்லை. ஆனால் பாருங்கள், வலி போனதை அவர் வீட்டில் சொல்லவில்லை. முதலில் பயம். படியில் கால் இடறி மாமாவைப் போட்டுவிட்டால் என்ன ஆவது? பிறகு அலுப்பு. லிப்ட்டை நிறுத்திப்போட்டு, நாள் முழுக்க மொட்டை மாடி மோட்டார் ரூமுக்குப் படியேறி இறங்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் படியா? அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. வீட்டு வாசலை மிதிக்கும்போதே கை தானாக முட்டியைப் பிடிக்கும், வாய் "ஸ்ஸ்" என்று முனகும். நாளாக ஆக, எது வலி, எது சாக்கு என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமல் போயிற்று.

மனைவி அப்பாவைத் துடைத்து, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து, புருஷன் முட்டிக்குத் தைலம் தேய்ப்பாள். அவரும் காலை நீட்டிக் கொடுப்பார். வெட்கமாக இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? இருந்தது. ஆனாலும் நீட்டினார்.

"அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமாப்பா? ரெண்டு பேராச் சேர்ந்து நாற்காலியில வெச்சு இறக்கிடலாம்," என்று மகள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"கண்டவங்க கையில நான் ஏன் தொங்கணும்? மாப்பிள்ளை தூக்கறேன்னு சொல்லியிருக்காரு. பாவம், அவருக்கு முட்டி சரியாகட்டும்," என்றுவிட்டார் அப்பா.

பக்கத்து அறையில் இருந்த மெக்கானிக்கின் காதில் அது விழுந்தது. பேப்பரைப் புரட்டினார்.

கடைசியில் மாமனார் கீழே இறங்கத்தான் செய்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் ஸ்டிரெச்சரில் வைத்து, மூச்சு வாங்காமல் இறக்கிவிட்டார்கள். அப்போது அவருக்கு உயிர் இல்லை. அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

சரி, இப்பேர்ப்பட்ட மனிதருக்கும் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்? அதற்கும் மாமனார்தான் காரணம். டி.வி.யில் விளையாட்டு என்றால் அவருக்கு உயிர். அதிலும் ஏரியில் நீந்திக் கரையேறி, ஈரத்தோடு சைக்கிளில் தாவி, அதையும் போட்டுவிட்டு ஓடுகிறார்களே, அந்த டிரையத்லான் வந்தால் கட்டிலே ஆடும். "மூணையும் ஒருத்தனே செய்யறான் பாரு, பைத்தியக்காரப் பய!" என்று கோணல் வாயால் கத்துவார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவர் போய்ச் சில மாதம் கழித்து, கம்பெனி மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து, இங்கே ஏரியில் நடக்கப்போகும் டிரையத்லானுக்குக் கம்பெனி சார்பில் ஓர் ஆள் வேண்டும் என்றார். மெக்கானிக்குக்கு அந்தச் சிரிப்புச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. கையைத் தூக்கிவிட்டார்.

"அண்ணே, கையை இறக்குங்க," என்றான் கூட வேலை பார்க்கும் நெட்டை. "நீங்க ஓடி நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன், பஸ்ஸுக்குப் பின்னாடி. அன்னைக்கும் பஸ்தான் ஜெயிச்சுது."

வீட்டில் சொன்னபோது மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணுமா? நீங்களா?"

உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அப்பா போன பின் வந்த முதல் சிரிப்பு. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"முட்டி என்னத்துக்கு ஆகறது?"

"அதைப் பார்த்துக்கலாம். மாமாவை நினைச்சு ஓடறேன். நீ வரணும், கடைசிக் கோட்டுகிட்ட வந்து நிக்கணும்."

"வரேன்," என்றாள்.

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்து, வெயிலில் வந்து நின்று, ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சிரித்துவிட்டால் போதும். மாமாவுக்குச் செய்யாமல் விட்டதை இப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்ற நப்பாசையும் உள்ளே இருந்தது.

பயிற்சி என்று எடுத்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். லிப்ட் பார்க்கப் போன ஒரு குடியிருப்பில் காவல்காரரைக் கெஞ்சி, நீச்சல் குளத்தில் சில தடவை முங்கி எழுந்தார். பள்ளிக்கூட வயதில் கற்ற நீச்சல், உடம்பு மறக்கவில்லை, மூச்சுத்தான் மறந்திருந்தது. நெட்டையின் சைக்கிளை வாங்கி வேலைக்குப் போய் வந்தார். ஓட்டம் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் நெட்டை கம்பெனி பனியனைக் கொண்டுவந்து கொடுத்தான். முதுகில் பெரிய எழுத்தில் 'மாமாவுக்காக' என்று அச்சடித்து வைத்திருந்தான்.

"எப்படிண்ணே நம்ம வேலை?"

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஏரியில் இறங்கிய முதல் நிமிஷமே யாரோ ஒருவர் குதிகால் அவர் மூக்கைப் பதம் பார்த்தது. தண்ணீர் பச்சைப் பசேலென்று, சேற்று வாடை அடித்தது. பாதித் தூரத்தில் நெஞ்சு அடைத்து, காவல் படகைப் பிடித்துத் தொங்கினார். படகில் இருந்த பெண், "ஏறிக்கிறீங்களா சார்? ஏறிட்டா பந்தயம் முடிஞ்சுது," என்றாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கைபோட்டார். கரையேறும்போது அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று தலைகள்தான் தண்ணீரில் இருந்தன. சைக்கிளில் காலுக்குத் தெம்பு வந்தது. மேட்டில் அந்தத் தெம்பும் போயிற்று. இறங்கித் தள்ளினார், ஏறினார், மறுபடி தள்ளினார்.

ஓட்டத்தில்தான் நாக்குத் தள்ளியது. வெயில் மண்டையைப் பிளந்தது. விலாவில் குத்தல், தொடையில் இழுப்பு, பாதத்தில் கொப்புளம். முட்டி எந்த இடத்தில் காலை வாருமோ என்று பயந்து பயந்துதான் ஒவ்வோர் எட்டாக வைத்தார். அது வாரவில்லை. உடம்பில் மற்ற எல்லாம் ஓலமிட, முட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அவருக்கு அதில் சந்தோஷம் பொங்கியது. மாமா ஆசீர்வாதம் என்றுகூட நினைத்துக்கொண்டார். அந்த முட்டி யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்று மெக்கானிக்குக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கடைசிக் கோட்டில் கூட்டம் கலைந்திருந்தது. மனைவி நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் தள்ளாடி வருவதைக் கண்டதும் கைதட்டினாள். "வாங்க, வாங்க! இன்னும் கொஞ்சம்தான்!" என்று சிறுமி போலக் கத்தி, வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வழிந்தது. அவர் வேண்டிக்கொண்டது அப்படியே நடந்துவிட்டது. கோட்டைத் தாண்டி, கண் மண் தெரியாமல் புல்லில் உட்கார்ந்தார்.

"முதல்ல முட்டியைக் காட்டுங்க," என்று அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பையைத் திறந்தாள். தைலப் புட்டி, வெந்நீர்ப் பை, முட்டிக்குச் சுற்றும் பட்டை, எல்லாம் வந்தன. "காலையிலேர்ந்து எனக்கு உயிரே இல்ல. ஓடும்போது மடங்கிடுமோ, விழுந்துடுவீங்களோன்னு."

"அட விடும்மா!" என்றார் அவர், பெருமை தாங்காமல். "முட்டி துளிகூட வலிக்கல, தெரியுமா? ஒரு தடவைகூட!"

"அண்ணனுக்கு முட்டி என்ன வலிக்கும் அண்ணி?" தண்ணீர் பாட்டிலோடு வந்த நெட்டையும் சேர்ந்துகொண்டான். "ரெண்டு வருஷமா எங்க எல்லாரையும் விட வேகமா மோட்டார் ரூமுக்கு ஏறுறது இவர்தான். மெதுவா ஏறுங்கண்ணேன்னு நான்தான் பின்னாடி கத்துவேன்."

தைலப் புட்டியின் மூடியைத் திருகிய கை நின்றது.

"எப்பலேர்ந்து வலிக்கல?" என்று கேட்டாள்.

"அது வந்து... இன்னைக்குத்தான்..."

"நான் இன்னைக்கு நடந்ததைக் கேட்கல."

பதக்கம் கொடுக்கும் பெண் பின்னாலிருந்து கூப்பிட, தப்பித்தோம் என்று அந்தப் பக்கம் திரும்பினார். திரும்பியிருக்க வேண்டாம். முதுகு அவள் கண்ணில் பட்டது. அவள் அதை எழுத்துக் கூட்டுகிறவள் போல மெல்லப் படித்தாள்.

"மாமாவுக்காக."

"இந்த முதுகுலதானே தூக்கிட்டுப் போறேன்னு சொன்னீங்க?" என்றாள்.

"நான் சொல்றதைக் கேளு..."

"எங்கப்பா கடைசியில எலும்பும் தோலுமா இருந்தாரு. நான் ஒத்தை ஆளாப் புரட்டிப் போடுவேன். ஏரியை நீந்திட்டு, அவ்ளோ தூரம் மிதிச்சு, ஓடி வந்துட்டீங்க. அது நாலு மாடிங்க. வெறும் நாலு மாடி." குரலை உயர்த்தவே இல்லை அவள். "உங்களால முடியலன்னுதான் நான் இத்தனை நாளா நம்பிட்டு இருந்தேன். அவருக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீங்க."

தைலத்தை மூடிப் பைக்குள் போட்டாள். வெந்நீர்ப் பையைப் போட்டாள். பட்டையைச் சுருட்டிச் சுருட்டி, சின்னதாக ஆக்கி, அதையும் போட்டாள். நெட்டை ஏதோ ஏடாகூடமாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் புரிந்துகொண்டு, பாட்டிலை வைத்துவிட்டு நழுவினான்.

கம்பெனி வேனில், நெட்டையும் கூட வர, வீடு திரும்பினார்கள். கட்டிடத்து வாசலில் வண்டி நின்றதும் மனைவி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டாள். மெக்கானிக் இறங்கக் காலை ஊன்றினார். உயிர் போகிற வலி. பார்த்தால் வலது முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. சூடு ஆறியதும் அது தன் வேலையைக் காட்டிவிட்டது. முதல் படியில் காலை வைத்துப் பார்த்தார். மடங்கவே இல்லை.

"அண்ணே, என்னண்ணே இது?" நெட்டை பதறிப்போய் ஓடி வந்தான். பிறகு அவர் முன்னால் குனிந்து நின்றான். "ஏறுங்க. நான் முதுகுல தூக்கிட்டுப் போயிடறேன். நாலு மாடிதானே?"

"வேணாம்டா," என்றார். "நீ கிளம்பு."

அவன் போன பிறகு, சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நெடுநேரம் கழித்து, மனைவி படியிறங்கி முதல் மாடித் திருப்பத்து ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏன், இன்னும் மேல வரல?"

முட்டி வலிக்குதும்மா. இரண்டு வருஷம் வாய் கூசாமல் சொன்ன வார்த்தை. இன்றைக்குத்தான் அது நிஜம். நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"ஒண்ணுமில்ல," என்றார். "சும்மா காத்து வாங்கிட்டு வரேன்."

அவள் மறுபடியும் படியேறிப் போனாள். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெஞ்சிலிருந்து தெரு முழுவதும் தெரிந்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒருத்தி போனாள். இரண்டு பேர் நடுத்தெருவில் நின்று ஏதோ வழக்கடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு போன ஒருவர் இவரைப் பார்த்துத் தலையசைத்து, "என்ன சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.