சாசரில் விழுந்த மழை

1

கிட்ட வந்து உட்காருங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என் குரல் முன்போலத் தூரம் போவதில்லை. உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன்.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ‘ஓய்வுக்காலத்தில் நிறைவாக வாழ்வது எப்படி’ என்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் கஞ்சி காய்ச்சியவளுக்கு அதில் என்ன தெரியும்? அதனால் என் சீன நண்பர் லோக் கம் வெங்கிடம் அவருடைய நோட்டை இரவல் கேட்டேன். அவர் ஓய்வு பெறுவதற்கு முன்னால் அலுவலகத்தில் இரண்டு நாள் வகுப்பு நடத்தி, சந்தோஷமாக இருக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

நோட்டில் எல்லாம் இருந்தது. காலை நடை. எட்டுக் குவளைத் தண்ணீர். உப்புக் குறைவு. நல்ல நண்பர்கள். கடைசி வரியில் ‘வாழ்க்கைக்கு ஒரு நோக்கம்’ என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குறியில் இடறிக் கட்டுரை விழுந்துவிட்டது. எழுந்து வந்தது இது.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் தவித்தேன்.

தைப்பிங்கில் மழை பெய்யாத நாளே— (வேண்டாம். மழைக்குப் பேர்போன இந்த மலேசிய ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

அறுபத்தேழு வயதான லோக் நல்ல உயரம், அகன்ற தோள்— (இது லோக் போடச் சொன்னது. அவர் என் தோள் உயரம்தான். அடித்துவிட்டேன். அதற்கு அவர் கோபித்துக்கொண்டார்: “கதைதானே அஞ்சலை, ரெண்டு அங்குலம் கூட்டிப் போட்டா உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?”)

லோக் முப்பத்தொரு வருடம் மழையை அளந்தவர்.

ஆங், இது நிற்கிறது. தினம் காலை எட்டு மணிக்கு மழைமானியைத் திறந்து, முந்தின நாள் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்து எழுதிவைப்பார். அதுதான் வேலை. காய்ச்சலிலும் போனார், வெள்ளத்திலும் போனார். மனைவி இறந்த மறுநாள் காலையிலும் போய் அளந்துவிட்டு வந்துதான் ஊதுவத்தி ஏற்றினார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொய் எண் எழுதியது கிடையாது.

அப்படிப்பட்டவர் எங்கள் மேசையில் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

மேசை மைமூன் காப்பிக்கடையில் இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு நாங்கள் கூடுவோம். இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு என்று லோக், நான், கடைக்காரி மைமூன் ஆளுக்கொரு நேரம் சொல்வோம். கடை வாசலில், கூரை முடிந்து வானம் தொடங்கும் இடத்தில், ஒரு வெள்ளைச் சாசர் வைத்திருப்போம். அது விளிம்புவரை நிறைந்தால்தான் மழை. தூறல் செல்லாது. தீர்ப்புச் சொல்வது சிக்கு ரொக்கியா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. சிக்கு என்றால் டீச்சர். ஓய்வு பெற்றாலும் அந்தப் பட்டம் ஓய்வு பெறாது.

பந்தயம் இஸ்லாமிய மார்க்கத்துக்கு ஆகாது என்று சிக்கு முதல் நாளே சட்டத்தைத் திருத்திவிட்டார்: ஜெயிக்கிறவர்தான் எல்லோருக்கும் காப்பி வாங்கித் தரவேண்டும். அப்போது அது சூதாட்டம் இல்லை, விருந்து. ஆக லோக் ஆறு வருடமாகச் சும்மாவே காப்பி குடித்துவந்தார். “நீ வேணும்னே தோக்குற” என்று சிக்கு வாரம் ஒருமுறை குற்றம் சாட்டுவார். லோக் அசரமாட்டார். “நான் அளந்தது பெஞ்ச மழைய. பெய்யப்போற மழைக்கு வேற ஆளப் பாருங்க.”

(நாங்கள் பேசிக்கொள்வது மலாய் மொழியில். என் காதுக்குள் நுழையும்போதே அது தமிழாகிவிடுகிறது. நான் என்ன செய்ய?)

இன்னொன்று சொல்லி வைக்கிறேன். பின்னால் உதவும். லோக் குடிப்பது கறுப்புக் காப்பி. அதைக் கலக்கும் மைமூனின் விரலில் எப்போதும் காப்பித்தூள். சிக்குவின் முன்னால் எப்போதும் ஐஸ் தண்ணீர். என் பாட்டிலில் சீரகத் தண்ணீர்.

3

இப்போது கதையில் ஒரு கஷ்டம் வேண்டும். நான் தேடிப் போகவில்லை. அதுவே மார்ச் மாதம் வந்தது.

லோக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். விழுந்தது காலை ஒன்பது மணிக்கு. எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு மணிக்கு மேசையில் ஆளைக் காணோம். இரண்டேகாலுக்கு சிக்கு குடைக் கைப்பிடியால் அவர் வீட்டுக் கம்பிக்கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் சாவி இருந்தது. எலும்பு தப்பியது.

மகள் வாய் லெங் கோலாலம்பூரிலிருந்து ஓடிவந்தாள். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். பத்தொன்பதாவது மாடி. அப்பாவுக்கென்று அறைகூடத் தயார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியெல்லாம் வைத்துவிட்டாள்.

(அவளைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு அதுதான் சுலபம். ஆனால் அவள் ஒவ்வொரு முறை வரும்போதும் என் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வருகிறவள். பேனா நகரவில்லை.)

லோக்கால் ‘வருகிறேன்’ என்றும் சொல்ல முடியவில்லை, ‘மாட்டேன்’ என்றும் சொல்ல முடியவில்லை. மூன்று மாதம் இழுத்தார். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பதிலைக் கேட்டுப்போக அவள் வருவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மேசையில் லோக் சாசரைப் பார்த்தபடியே பேசினார்.

“மக நல்லா பாத்துக்குவா. ஆனா ஏழு மணிக்கு வேலைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருவா. நான் ரெண்டு மணிக்கு வரலைன்னா, அங்க யாருக்குத் தெரியும்?”

“இத அவகிட்டயே சொல்றதுக்கு என்ன?” என்றார் சிக்கு.

“அழுவா.”

பிறகு அவரே சொன்னார்: “நாளைக்கு நாலு மணிக்குள்ள சாசர் நெறஞ்சா இங்கயே இருக்கேன். இல்லைன்னா போறேன். மழ சொல்லிச்சுன்னா அவளுக்கு வருத்தம் இருக்காது.”

“முப்பத்தொரு வருஷம் மழைய அளந்தீங்க அங்கிள். இப்ப அது உங்கள அளக்கணுமா?” என்றாள் மைமூன்.



4

சனிக்கிழமை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மலை துடைத்து வைத்த பாத்திரம்போல நின்றது. வேறு எந்த நாளிலும் இந்த ஊர் இப்படி எங்களைக் கைவிட்டதில்லை.

நான் மூன்று மணி என்று சொல்லியிருந்தேன். மைமூன் மூன்றரை. லோக் நாலு. மூன்று போனது. மூன்றரையும் போனது. மூன்று ஐம்பதுக்கு லோக்கின் கைப்பேசி அடித்தது. பக்கத்து ஊரான கமுந்திங்கின் டோல்கேட்டைத் தாண்டிவிட்டதாக வாய் லெங் சொன்னாள். காது சரியாகக் கேட்கவில்லை என்று அவர் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. கிழித்துவிட்டேன்.)

அவர் திரும்பி வந்தபோது சாசர் நிறைந்திருந்தது. நிறைந்து வழிந்திருந்தது. தெரு காய்ந்து கிடந்தது. எதிர்வீட்டு வாசலில் காயப்போட்ட கருவாடுகூட நனையவில்லை.

“மழை,” என்றார் சிக்கு, பரீட்சை முடிவு வாசிக்கும் முகத்தோடு. “மூணு ஐம்பத்தாறு.”

லோக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். சாசரைப் பார்த்தார். அதில் கரைந்தும் கரையாமலும் ஒரு ஐஸ் துணுக்கு மிதந்தது. விளிம்பில் காப்பித்தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு சீரகம். (சீரகத் தண்ணீர் குடிக்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். என்னைப் பார்க்காதீர்கள்.) விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் மழைத் தண்ணீரோடு வாழ்ந்தவர். நாங்கள் மூவரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி செய்வதை மற்றவள் பார்க்கவில்லை என்றுதான் ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தோம்.

“இந்த மழ மூணு மேகத்துலேருந்து பெஞ்சிருக்கு,” என்றார் லோக்.

பிறகு சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்தார். பென்சிலை எச்சில் தொட்டு நிதானமாக எழுதினார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவர் உயரத்துக்கு அது சுலபம். தேதி. நேரம். அதற்குக் கீழே: மழை, சாசர் நிறைய.

அவர் எழுதிய முதல் பொய் எண் அது.

“ரொம்பக் கிட்டத்துல நேரம் சொன்னது லோக்,” என்று சிக்கு அறிவித்தார். “ஆறு வருஷத்துல மொத தடவ. வாங்கிக் குடு.”

“மைமூன்,” என்றார் லோக், “காப்பி அஞ்சு.”

“நாம நாலு பேருதானே அங்கிள்?”

அவர் தெருவைப் பார்த்தார். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. அதன் கதவு திறந்தது.

5

முடிவை எப்படி எழுத வேண்டும் என்று எல்லோருக்கும் கருத்து இருக்கிறது. மகள் நோட்டை வாசித்து, காய்ந்த தெருவைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தாள் என்று எழுதச் சொல்கிறார் சிக்கு. அவள் அந்த ஐந்தாவது காப்பியைக் குடித்துவிட்டு அழுதாள், ஆனால் நல்ல அழுகை என்று போடச் சொல்கிறாள் மைமூன். அப்பா பெட்டியோடு காரில் ஏறினார், ஆனால் தினம் இரண்டு மணிக்கு மகள் அவருக்குப் போன் செய்கிறாள் என்று நானே ஒரு முடிவு எழுதி, நானே அழித்தேன்.

நான் சொல்லமாட்டேன். கார்க் கதவைத் திறந்துவிட்டுவிட்டேன். இறங்கி வருகிறவள் என்ன சொல்கிறாள் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உயரத்தைப் பற்றி லோக் என்னிடம் கோபித்துக்கொண்டாரே, அது நேரிலா போனிலா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

மலருக்கு இதைத்தான் அனுப்பப்போகிறேன். இரண்டு பக்கம் தாண்டிவிட்டது. வெட்டுவதானால் எட்டுக் குவளைத் தண்ணீரை வெட்டட்டும். அந்தச் சாசர்த் தண்ணீரைத் தொடவேண்டாம்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். குளியலறைத் தரை காய்ந்திருக்கட்டும். உங்கள் வாசலில் வைத்த சாசர் எந்தத் தண்ணீராலாவது நிறையட்டும். என்றைக்காவது நீங்கள் இரண்டு மணிக்கு வராமல் போனால், இரண்டேகாலுக்குக் குடையோடு வந்து கதவைத் தட்ட உங்களுக்கு ஒருவர் இருக்கட்டும்.