இரு நோன்பும் ஒரு பச்சடியும்

தைலமரக் காடுகளைத் தாண்டிவந்த பங்குனி வெயில் ஆவூர்க் கோயிலின் ஓங்கிய முகப்பிற் படிந்து, செம்மண் தெருவிற் சரிந்து, உயிர்ப்புப் பெருநாளுக்கென வெள்ளையடித்த சுவர்களையெல்லாம் பொன்னாக்கிய பிற்பகலில், அன்புடையீர், அருள்ராணியின் அடுப்பில் மாங்காய் வெந்துகொண்டிருந்தது. மறுநாள் தெருவார் கூடியுண்ணும் விருந்துக்குப் பச்சடி கிண்டும் உரிமையை, எளிதில் எதையும் விட்டுக்கொடாத நாத்தனார் ஏஞ்சலிடம் அவள் இவ்வாண்டுதான் வாயாடி வாங்கியிருந்தாள். சுவை பிசகினால் கரண்டி பழைய கைக்கே போய்விடும். ஊர்ச்சிரிப்பு இவளுக்கு மிஞ்சும். பானையோ மாலைக்குள் கோயிலுக்குச் சென்றாக வேண்டும். அங்கே வாழ்த்தி நீர் தெளித்தபின் விருந்துவரை எவரும் அதைத் திறப்பதில்லை.

உயிர்ப்புக்கு முந்நாளான பெரிய சனியன்று தெருவே நோன்பிருக்கும். அந்நாளில் அவ்வீட்டுச் சமையலுக்கு நாக்கு, அந்நோன்பில்லாத அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய்தான். ஆயின் இவ்வாண்டு அவள் வீட்டார் அனைவரும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, அது அவிழும்வரை உப்பை நாவில் வைப்பதில்லையென நேர்ந்திருந்தனர். சுவை பார்க்க இயலாவிடினும் கிண்டவாவது உதவலாமென்று வந்தவள், அருள்ராணி வெல்லம் தட்ட உள்ளே சென்ற வேளையில் தன் கைப்பழக்கத்தில் ஒரு காரியம் செய்துவிட்டாள்.

"உப்புப் போட்டுட்டேன், ராணி."

"ஐயையோ அக்கா! நானும் போட்டேனே!"

இருவரும் பானைக்குள் குனிந்து நோக்கினர். ஒரு துளி தொட்டு நாவில் வைத்தால் யார் காணப்போகிறார் என்று அருள்ராணியின் விரல் உதடுவரை எழுந்தது. எழுந்த விரலை அவள் முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். நோன்பென்று சொன்ன சொல்லை அடுப்படியில் விற்பதற்கு அவள் மனம் ஒப்பவில்லை.

"உப்பு ரெண்டு பங்குன்னா, எல்லாமே ரெண்டு பங்காயிரட்டும், அக்கா!"

"எங்க மரத்துல காய் கெடக்கு. இந்தா வாரேன்!" என்று ஓடினாள் பொன்னுத்தாய்.

காயும் வெல்லமும் மிளகாயும் இரட்டித்துப் பானை விளிம்பைத் தொட, புளிப்பும் இனிப்பும் கலந்தெழுந்த மணம் ஒன்றையே துணைக்கொண்டு அருள்ராணி கிண்டி இறக்கினாள்.

மறுநாள் விருந்தில் ஏஞ்சல் ஒரு வாய் உண்டாள், சற்றே நின்றாள், பின்பு இலையை முன்னே நகர்த்தினாள்.

"இன்னுங் கொஞ்சம் வையி. யாரு ருசி பார்த்தது?"

"யாரும் பார்க்கலைங்க, அண்ணி," என்றாள் அருள்ராணி, தலை நிமிர்ந்து.

பானை வழித்தெடுக்கப்படுமுன், காப்பு அவிழும் நாளுக்கென ஒரு பங்கை அவள் தனியே எடுத்து மூடினாள். அத்தெருவில் அச்சுவையை இன்னும் அறியாதவர் அதனைக் காத்துக்கொடுத்த பொன்னுத்தாயும் அவள் வீட்டாருமே. அதை எண்ணியபோது, அருள்ராணியின் நெஞ்சில் நிறைந்திருந்த பெருமை, நன்றிக்குத் தானே இடம்விட்டு ஒதுங்கி நின்றது.