அண்ணை சொன்ன சத்திரத்துக் கதை

என் அண்ணை தில்லையம்பலம் பச்சைத் தண்ணீரில் பலகாரம் சுடக்கூடியவர். தொண்ணூற்றாறில் அவருடைய மகள் சந்திரவதனாவைப் பெண் கேட்டு ஈஸ்ட் ஹாமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, அவர்களை எங்கள் ஹோட்டலின் சாப்பாட்டறையில் இருத்திச் சரித்திரம் அளக்கத் தொடங்கினார்.

"இருநூற்றைம்பது வருசத்துச் சத்திரம். லண்டனுக்குப் போற கோச் வண்டியள் இஞ்சதான் குதிரை மாத்தினவை. நீங்கள் இருக்கிற இடம் அப்ப குதிரை லாயம். நாலு தலைமுறையா ஒரு வெள்ளைக் குடும்பம் வச்சிருந்தது. எண்பத்தி நாலில நான் வாங்கினனான்."

இவர் வாங்கினாராம்! தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குடும்பத்தின் கடைசி ஆள் கத்தரின். அவளிடம் அறை துடைக்கச் சேர்ந்தவள் நான். பிள்ளையில்லாத அந்த மனுசி, கம்பெனிக்காரனுக்குக் கொடுத்தால் இடித்துப்போடுவான் என்று எனக்குத்தான் விற்றாள். என் சீதனக் காணி விற்ற காசு அதில் போனது. எனக்கு விசா சரிவரவில்லை என்பதால் அண்ணை பெயரில் எழுதினோம். "விசா வரட்டும், உன்ர பேருக்கு மாத்துவம்" என்றார். எண்பத்தொன்பதில் விசாவும் வந்தது. கூடப்பிறந்தவரிடம் எழுத்துக் கேட்பதா என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். மடைச்சி! பன்னிரண்டு வருடம் சமைத்து, துடைத்து, வந்தவர்களைச் சிரித்து வரவேற்றது இந்தக் கனகாம்பிகைதான்.

"இது முழுக்கப் பிள்ளைக்குத்தான் சீதனம்" என்றார் அண்ணை.

மாப்பிள்ளையின் தாய் என்னைப் பார்த்தார். "இவ ஆர்?"

"தங்கச்சி. பாவம், புருசன் இல்லை. எங்களோட ஒதுங்கி இருக்கிறா."

தட்டை மேசையில் போட்டேன். தேநீர் சிந்தியது.

"மிச்சச் சரித்திரத்தையும் சொல்லுங்கோ அண்ணை. கத்தரின் ஆருக்கு வித்தவ?"

அண்ணைக்குப் பக்கத்தில் இருந்த சந்திரவதனா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். தாயில்லாத அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதிலிருந்து தலைவாரி விட்டவள் நான். நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளாவது எனக்காகப் பேசுவாள் என்று நம்பினேன்.

"மாமி, ப்ளீஸ், வந்த ஆக்களுக்கு முன்னால வேண்டாம்" என்றாள் மெதுவாக. "போன மாசம் ஹோட்டலை என்ர பேருக்கு எழுதேக்கையே அப்பாட்டச் சொல்லிப்போட்டன். நீங்கள் இருக்குமட்டும் அந்த மேல் அறை உங்களுக்குத்தான்."