மெயில் நின்னுபோன மூணு நாளு

எனக்கு நாப்பத்தெட்டு வயசு. செஞ்சி பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். ஒத்துக்கறதுல இன்னா வெக்கம், பெலிக்ஸ் மேல எனக்குப் பொறாமை.

மேல்சித்தாமூர் சம்பவநாதன் நயினாரோட கடலை எண்ணெய் மில்லு வெப்சைட்டை பதினோரு வருசம் நான்தான் பாத்தேன். இந்த வருசம் "கொஞ்சம் புதுசா இருக்கட்டும்"னு அனந்தபுரம் பெலிக்ஸ்கிட்ட குடுத்துட்டாரு. அவன் பண்ண சைட்டைப் பாத்தேன். நல்லா இருந்துச்சு. அதான் வயிறு எரிஞ்சுது.

அட்சய திரிதியை அன்னிக்கே புது ஹோஸ்டிங், அதான் சைட்டை வைக்கற வாடகை எடம், தொடங்கணும்னு நயினாரு ஒத்தக் கால்ல நின்னாரு. ஜைனருங்களுக்கு அது பெரிய நாளு. பெலிக்ஸும் அவசரத்துல புது அக்கவுண்ட் தொறந்து, சைட்டை ஏத்தி, பழைய அக்கவுண்டை மூடிட்டான். டிஎன்எஸ் ஸோனைக் காப்பி எடுக்கல. ஸோன்னா ஒரு லிஸ்ட்டு. சைட் எங்க இருக்குது, மெயில் எங்க போகணும்னு அதுலதான் இருக்கும். புது அக்கவுண்ட் தானா புது லிஸ்ட் போட்டுக்கும். மில்லோட மெயில் வேற கம்பெனியில இருக்குது, புது லிஸ்ட்டுக்கு அது தெரியாது. சைட் ஜோரா வந்துச்சு, மெயில் நின்னுபோச்சு.

மூணாம் நாள் நயினாரு பொண்ணு திரிசலா சென்டருக்கு வந்துச்சு. மில்லு ஆபீஸைப் பாத்துக்கறது அதுதான்.

"அண்ணே, புனே பார்ட்டி ஆர்டர் மெயில் போட்டா திரும்பிப் போயிடுதாம். நாளைக்குள்ள சரியாவலன்னா வேற மில்லைப் பாத்துக்கறேன்றாங்க. நைனாவுக்கு ஒரே டென்ஷன். பழைய லிஸ்ட் உங்ககிட்ட இருக்குதா?"

"உங்க பெலிக்ஸ் இன்னா சொல்றாரு? பெரிய ஆளாச்சே."

"அவருதான் உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு."

இருந்துச்சு, என் சிஸ்டம்லயே. ஆனா "தேடிப் பாக்கறேன்மா"ன்னு அனுப்பிட்டேன். பெலிக்ஸ் மூணு தடவை போன் அடிச்சான், எடுக்கல. டீ வாங்கிக் குடிச்சேன். சந்தோசமா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் அவனே வந்து நின்னான்.

"அரி, தப்பு என்னுதுதான். நயினாருகிட்டயும் சொல்லிட்டேன். வேணும்னா திட்டு, லிஸ்ட்டைக் குடுடா."

"மாத்தறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருந்தா குடுத்திருப்பியா?"

"நகரு, நானே டைப் பண்றேன்"னு அவன் லேப்டாப்பை இழுத்துக்கினேன். ஒவ்வொரு லைனா போட்டேன். ஒரு மணி நேரத்துல திரிசலா போன் பண்ணுச்சு, மெயில் வந்துட்டுதாம். ஆனா சைட்டுல ஆர்டர் ஃபார்ம் நெரப்புனா மட்டும் மெயில் வரலயாம். நான் முழிச்சேன். பெலிக்ஸ் ஒரே ஒரு செட்டிங்கை மாத்துனான்.

"மெயில் வெளிய இருக்குதுன்னு சைட் இருக்கற சர்வருக்கும் சொல்லணும்டா, இல்லன்னா ஃபார்ம் மெயிலை அது உள்ளயே தேடும்."

அது எனக்குத் தெரியாது.

மறுநாள் புனே ஆர்டர் வந்துச்சு. நயினாரு போன் பண்ணாரு. "அரி, மெயிலை நீ பாத்துக்க, சைட்டை பெலிக்ஸ் பாக்கட்டும்."

பாதி கெடச்சுது. சந்தோசப்படணும். ஆனா தெனமும் காலையில மொத வேலையா அவன் சைட்டைத் தொறந்து, எங்கனா தப்பு இருக்குதான்னு தேடறேன். இன்னும் ஒண்ணும் சிக்கல.