சவ்வில்லாத குழாய்

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். குழாய்க்குள் ஒன்றுமே இல்லை.

டவுனில் ஒருமுறை சுத்தம் செய்த சாக்கடைத் தண்ணீர் எங்கள் நிலையத்துக்கு வரும். அதைக் குழாய்களுக்குள் இருக்கும் சவ்வு என்கிற நுண்வடிகட்டி வழியாக அழுத்தி, கிருமிகூட நுழையாமல் வடித்துக் குட்டையில் விட வேண்டும். அதுதான் என் வேலை. மூன்று மாதம் ஆனதும் சவ்வைக் கழுவியாக வேண்டும். நிலையத்தை ஒப்பந்தம் எடுத்த என் அண்ணன் மோகன்குமார் ‘அடுத்த வாரம்’ என்றே இழுத்தடித்தான். பொறுக்காமல் இன்று நானே ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

ஆறு குழாயும் காலி. அழுத்தம் ஏன் ஏறவே இல்லை என்று கேட்டபோது, “புதுச் சவ்வு அப்பிடித்தான் மது” என்றான். நம்பிய மண்டு நான். அவனைப் போனில் பிடித்தேன்.

“சவ்வு வர லேட்டு. தண்ணி கண்ணுக்குத் தெளிவாத்தான ஓடுது?”

“அப்ப அன்னிக்கு ஊரு முன்னால, சுத்தம் பண்ணுன தண்ணின்னு நான் குடிச்சது?”

குரலைத் தாழ்த்தினான்.

“அது கேன் தண்ணி. எந் தங்கச்சிக்குப் போயி இந்தத் தண்ணியக் குடுப்பனா?”

பாசமாம்! போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. டம்ளரை நீட்டியது அவன் கைதான். ஊரே பார்க்க மடமடவென்று குடித்தது நான்.

குட்டையை ஒட்டித்தான் சென்னியம்மாள் அத்தையின் கிணறு; குட்டைத் தண்ணீர்தான் அதில் ஊறும். மஞ்சள் வயலுக்கும் அதே தண்ணீர், குடிக்கவும் அதே தண்ணீர். நிலையத்திலிருந்து குட்டைக்குக் குழாய் பதிக்க விடாமல் கடைசிவரை மறித்து நின்றவர் அவர். நான் குடித்த பிறகுதான் விலகினார். “மெசின நம்பல சாமி, உன்னைய நம்பறேன்” என்றார்.

நேரே அவர் வீட்டுக்கு வண்டியை விட்டேன். வெயிலில் வந்த என்னைக் கண்டதும் சொம்போடு வெளியே வந்தார்.

“அத்தை, ஒண்ணு சொல்லோணும்.”

“வந்தவளுக்கு மொதல்ல தண்ணி. அப்பறம் பேச்சு. குடி சாமி.”

வாங்கினேன். தொண்டை வறண்டு கிடந்தது. சொம்பு உதடு வரை போனது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை; கீழே வைத்துவிட்டேன்.

அத்தை சொம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அன்னிக்குக் குடிச்சியே சாமி?” என்றார்.