மேயர் பிறக்காத ஆஸ்பத்திரி

பஸ் நிலையத்து டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால், எதிரே நிற்கும் பஸ்ஸின் கடைசி இருக்கையில் தூங்குகிறவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். அப்படி ஒரு குரல். டிப்போவில் அவருக்கு 'மைக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

அன்று காலை மைக்கு கடுகடுப்பாக இருந்தார். புது மேயர் வந்த பிறகு ஒவ்வொரு நடைக்கும் கொடுக்கிற நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். கடைசி நிறுத்தத்தில் டிரைவர்களுக்கென்று இருந்த கழிப்பறையையும் 'புதுப்பிக்கிறோம்' என்று பூட்டிப் பலகையால் அடைத்துவிட்டார்கள். புதுப்பிக்கிற ஆள் ஒருவரையும் இதுவரை காணோம். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடக்கிக்கொண்டே ஓட்டிவிட்டு வந்தவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"அந்தம்மாவுக்கு நம்ம கஷ்டம் எப்படிப்பா தெரியும்?" என்றார் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு டிரைவர். "அவங்க இந்த நாட்டுலயே பொறக்கலையாமே. எல்லைக்கு அந்தப் பக்கமாம். எங்க தெருவுல பேசிக்கிறாங்க."

மைக்குக்குச் சட்டென்று முதுகு நிமிர்ந்தது. "அப்படியா? இங்க பொறக்காதவங்க மேயராவே நிக்க முடியாதே! சட்டம் அப்படித்தானே?"

"அதான் எனக்கும் புரியல."

கூட இருந்த கண்டக்டர் ஒரு சின்னப் பெண். வெடுக்கென்று பேசுவாள், ஆனால் மனதில் எதையும் வைத்துக்கொள்ளமாட்டாள். "அண்ணே, யாரோ பேசிக்கிறாங்கன்னா அது செய்தியா? பாத்ரூம் இல்லன்னா பாத்ரூம் இல்லன்னு எழுதிக் குடுங்க. அவங்க எங்க பொறந்தா உங்களுக்கென்ன?"

"உனக்கு அரசியல் தெரியாது, சும்மா இரு" என்றார் மைக்கு. போனை எடுத்து ஆடியோ பதிவை அழுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பான நகர மக்களே! தூங்கினது போதும், முழிச்சுக்கோங்க! நம்ம மேயர் நம்ம நாட்டுக் குடிமகளே இல்ல. எந்த ஆஸ்பத்திரியில பொறந்தேன்னு அவங்க சொல்றாங்களோ, அந்த ஆஸ்பத்திரி அந்த வருஷம் கட்டப்படவே இல்ல! இல்லாத ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை எப்படிப் பொறக்கும்? கேளுங்க மக்களே, கேளுங்க!"

ஆஸ்பத்திரியைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியின் பெரிய கட்டடம் தான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எழும்பியதாக ஒரு மங்கலான ஞாபகம். பேசும்போது அது வாகாக வந்து விழுந்தது. விழுந்தபோது நன்றாகவும் இருந்தது. பேசி முடித்ததும் அதை டிப்போ டிரைவர்களின் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

மாலைக்குள் அந்தக் குரல் நகரம் முழுக்கச் சுற்றி, அவர் போனுக்கே திரும்பி வந்தது. 'பெயர் சொல்ல விரும்பாத உயர் அதிகாரியின் எச்சரிக்கை' என்று தலைப்பு வேறு. மைக்கு உச்சி குளிர்ந்துபோனார். இத்தனை வருடம் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்தியே தேய்ந்த குரலுக்கு முதன்முதலாக ஒரு மரியாதை.

மேயர் அலுவலகம் பிறப்புச் சான்றிதழை வெளியிட்டது. தேர்தல் அதிகாரியும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை விட்டார். கண்டக்டர் அந்தச் சான்றிதழின் படத்தைப் போனில் மைக்குவிடம் நீட்டினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் போலி. இவ்வளவு நாள் காட்டாம இப்ப ஏன் காட்டறாங்க?"

"காட்டலன்னா மறைக்கிறாங்கன்னு சொல்வீங்க. காட்டினா போலின்னு சொல்றீங்க. அவங்க என்னதான் பண்ணணும்?"

மைக்கு ஹாரனை அழுத்தினார்.

கதை நிற்கவில்லை. அதற்குக் கை முளைத்தது, கால் முளைத்தது. சான்றிதழ் போலி என்றால் அதில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று ஒருவர் கேட்டார். ஒரு நர்ஸ் என்றார் இன்னொருவர். அந்த நர்ஸ் எவ்வளவு வாங்கினாள் என்றார் மூன்றாமவர். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தேட ஆரம்பித்தார்கள்.

ஒரு மதியம் பஸ் நிரம்பி வழிந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அவ்வளவு கூட்டம் இருக்காது. பாதிப் பேர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே மைக்குவின் குரலே பஸ்ஸுக்குள் கேட்டது: "தூங்கினது போதும், முழிச்சுக்கோங்க!" அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் அந்தக் கூட்டம் மொத்தமும் இறங்கியது. "பச்சைக் கதவு வீடுதானே? ஓடிடப் போறா, சீக்கிரம் வாங்க!" என்று ஒருவன் கத்தினான்.

மைக்குவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. தண்ணீர்த் தொட்டித் தெருவில் பச்சைக் கதவு வைத்த வீடு ஒன்றுதான் உண்டு. அது அவருடைய அக்காவின் வீடு.

அக்கா பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட கணவரைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருந்தாள்.

கண்டக்டர் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, அந்தச் சான்றிதழ்ல இருக்கிற கையெழுத்து உங்க அக்காவோடதாம். வீட்டு அடையாளத்தையும் போட்டுட்டாங்க. நான் போலீசுக்குச் சொல்லிட்டேன். நீங்க போங்க, வண்டியை நான் பாத்துக்கறேன்."

மைக்கு வண்டியை ஓரம் கட்டி அணைத்துவிட்டு இறங்கி ஓடினார். கனத்த உடம்பு. செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. எடுக்க நிற்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. கதவை இருவர் தோளால் முட்டிக்கொண்டிருந்தார்கள். "கையெழுத்துப் போட்டவளே, வெளியே வா!" என்று கூச்சல். உள்ளேயிருந்து மாமாவின் குழறலான அலறல் கேட்டது. மைக்கு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!"

அந்தக் குரலுக்குத் தெரு அடங்கியது.

"நீ யாருய்யா?"

"நான்தான் அந்த ஆடியோ. நான் உயர் அதிகாரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பஸ் டிரைவர். நான் சொன்னது அத்தனையும் பொய்."

யாரோ சிரித்தார்கள். "எவனையோ செட்டப் பண்ணி அனுப்பியிருக்காங்கடா!"

மைக்கு கண்ணை மூடிக்கொண்டார். அதே ஏற்றம், அதே இறக்கம். "அன்பான நகர மக்களே! தூங்கினது போதும், முழிச்சுக்கோங்க!" என்று ஆரம்பித்து, இல்லாத ஆஸ்பத்திரிவரை சொல்லி முடித்தார். முன்னால் நின்ற ஒரு பெண் தன் போனில் அதை ஓடவிட்டுப் பார்த்தாள். போனிலும் அதே குரல், கதவருகிலும் அதே குரல். அவள் கை மெல்ல இறங்கியது.

"அப்போ ஆஸ்பத்திரி இல்லன்னு சொன்னது?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. சொன்னா எடுபடும்னு தோணுச்சு. சொன்னேன்."

"பொய்! இப்ப மாத்திப் பேச எவ்வளவு வாங்கினே?" என்று கத்தினான் கதவை முட்டியவன்.

மைக்குவின் கண்களில் நீர் முட்டியது. "நான் பொய் சொன்னப்போ ஒருத்தர்கூட ஆதாரம் கேக்கலையேய்யா. உண்மையைச் சொல்றப்போ மட்டும் எவ்வளவு வாங்கினேன்னு கேக்கறீங்களே. உள்ள இருக்கறது என் அக்கா. எந்திரிக்க முடியாத மனுஷன் ஒருத்தர் அங்க படுத்திருக்கார். அடிக்கணும்னா என்னை அடிங்க. கதை கட்டினவன் நான்."

அந்தப் பெண்தான் முதலில் திரும்பி நடந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர் தலையைக் குனிந்துகொண்டு நழுவினார்கள். போலீஸ் வண்டி வந்தபோது நாலைந்து பேர்தான் மிச்சம். அதில் ஒருவன் போகும்போதுகூட, "டிரைவரையும் விலைக்கு வாங்கிட்டாங்க மக்களே" என்று தன் போனில் பேசிக்கொண்டேதான் போனான்.

கதவு திறந்தது. அக்கா ஒரு கையில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மாமாவின் கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, உடைந்த கண்ணாடி படாமல் மெத்தையால் மறைத்திருந்தாள். அவரும் பத்திரமாக இருந்தார். மைக்கு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து சின்னக் குழந்தை மாதிரி அழுதார்.

"உள்ள வந்து அழு. தெருவுக்கே கேக்குது" என்றாள் அக்கா.

தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி வைத்தாள்.

"அந்த ஆடியோ எனக்கு வந்த அன்னைக்கே உன் குரல்னு தெரியும்."

"ஏன்க்கா என்னைக் கூப்பிட்டு ரெண்டு அறை விடல?"

"நீயா வந்து கேப்பேன்னு இருந்தேன். 'அக்கா, நீ அங்கதானே வேலை பாத்தே, விஷயம் என்ன'ன்னு ஒரு வார்த்தை. ஊருக்கே கேக்கற மாதிரி பேசினே, கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வார்டுல பார்த்ததை வெளியில பேசற பழக்கம் எனக்கு இல்ல. ஆனா நீ கேட்டிருந்தா, பொய்னு மட்டுமாவது சொல்லியிருப்பேன்."

அவர் தலை நிமிரவில்லை.

"பெரிய கட்டடம் அப்புறம்தான் வந்துச்சு, அது நிஜம். அதுக்கு முன்னாடி அதே இடத்துல தகரக் கூரை போட்ட வார்டு இருந்துச்சு. மழை பெஞ்சா பேசறது காதுல விழாது. இப்ப மேயரா இருக்கற பொண்ணு அங்கதான் பொறந்தா. நான்தான் துடைச்சுத் துணியில சுத்தினேன்." அக்காவின் உதடு ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நீயும் அங்கதான்டா பொறந்தே. அந்தத் தகரக் கூரைக்கு அடியிலதான் அம்மா உன்னைப் பெத்தா. உன் கணக்குப்படி பார்த்தா நீயும் பொறக்கவே இல்ல!"

கட்டிலிலிருந்து மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அழுத முகத்தோடு மைக்குவும் சிரித்துவிட்டார்.

அன்று மாலையே அவர் இன்னொரு ஆடியோ பேசினார். இந்த முறை சொந்தப் பெயரைச் சொல்லி, கட்டின கதை எது என்று பிரித்துச் சொன்னார். முதல் ஆடியோ போன தூரத்துக்கு இது போகவில்லை. ஆனாலும் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் சிலர், "நீங்கதானா அது?" என்று கேட்டார்கள். "நான்தான், பொய் சொன்னது நான்தான்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல மனசு லேசானது.

மறுநாள் மேயர் அக்காவைப் பார்க்க வந்தார். மைக்கு சமையலறைக்குள் ஒளியப் பார்த்தார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றார். அவ்வளவு பெரிய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

மேயர் அவரை உற்றுப் பார்த்தார். "இந்தப் பேச்சுக்குப் பயந்து என் அம்மா ரெண்டு வாரமா வெளியே போகல. உடனே மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வரல. ஆனா உங்களுக்கு என் மேல அப்படி என்னங்க கோபம்?"

மைக்கு தயங்கித் தயங்கி, பூட்டிய கழிப்பறையையும் குறைக்கப்பட்ட நேரத்தையும் சொன்னார். மேயர் ரெண்டையும் குறித்துக்கொண்டார்.

"இதை நீங்க ஆடியோவுல பேசியிருந்தா, நான் ஊருக்கு முன்னாடி பதில் சொல்லியே ஆகணும். தப்பு எங்களோடதுதான். பொறந்ததுக்கு என்னங்க பதில் சொல்ல முடியும்?"

கழிப்பறை திறந்தது. நேரக் கணக்கைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கு போய்க் கறாராகச் சண்டை போடுகிறார். மேயருக்கு அவரைப் பார்த்தாலே கொஞ்சம் பயம்தான்.

பிறகொரு காலை, டீக்கடையில் ஒரு புது டிரைவர் ஆர்வமாகப் போனை நீட்டினார். "அண்ணே, எதிர்க்கட்சித் தலைவர்கிட்ட வேற நாட்டுக் குடியுரிமை இருக்காமே. தேர்தல்ல நிக்கவே தகுதி இல்லையாம். நீங்க பேசினா நல்லா எடுபடும்."

"யார் சொன்னது? நீ பார்த்தியா?"

"பேசிக்கிறாங்க..."

மைக்கு டம்ளரைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கடையில் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, ஒரு தலைவரைப் பிடிக்கலன்னா அவர் செஞ்ச வேலையை வச்சுக் கேள்வி கேளு. தகுதியில சந்தேகம் இருந்தா அதுக்குன்னு ஆபீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு, அங்க போய்க் கேளு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேசி அனுப்பாதே. நீ அனுப்பற பொய் யார் வீட்டுக் கதவை முட்டும்னு உனக்கே தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு."