ஏழாம் குழிக்கு மேலே நின்ற பந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு பெப்ரவரி மாதத்து முதலாம் சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு, கிளென்மோர் கழகத்து மூத்தோர் கோல்ப் அணியின் தலைவர் டி வாஸ் துரை ஏழாம் குழியைப் பார்த்து அடித்த பந்து மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. அன்றைக்கு இலங்கை மலைநாட்டில் அட்டன் பக்கம் மழையும் இல்லை, சொல்லும்படியான காற்றும் இல்லை. துரையின் பெயரின் முதலெழுத்தைப் பச்சை மையில் போட்ட பந்து அது. அணியின் நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். நால்வருக்கும் அறுபது தாண்டிவிட்டதால் வானம் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவர்களுக்குப் பை தூக்கிப் போனவர்களில் சோலைமலையின் கண்ணுக்கு மட்டும், ஏழாம் குழிக்கு நேர் மேலே, தொழிலாளர் குடியிருக்கும் பள்ளத்து லயத்துப் பக்கமாக, நாலு சவுக்கு மரத்து உயரத்தில், உப்புக்கல் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

“எங்கே விழுந்தது?” என்று துரை கேட்டார்.

“விழலைங்க தொரை. அங்கன நிக்குது.”

காணாமற்போன பந்தை ஐந்து நிமிஷம் தேடலாம், பிறகு விட்டுவிட வேண்டும் என்பது விதி. ஆனால் இந்தப் பந்து காணாமற்போகவில்லை. அணியின் செயலாளர் ஜோர்ஜ் மரியரட்ணம் நாற்பது வருஷம் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தவர்; சட்டப் புத்தகம் கையில் இல்லாமல் குளிக்கக்கூடப் போகமாட்டார் என்று லயத்தில் பேச்சு. அவர் புல்லிலேயே நின்று தீர்ப்புச் சொன்னார். பந்தைப் பார்க்கிறவன் ஒருவன் இருக்கும்வரை அது தொலையவில்லை. அது விழும்வரை அடி முடியவில்லை. அடி முடியும்வரை ஆட்டம் முடியவில்லை. அடுத்த மாதம் முதலாம் சனிக்கிழமை இதே இடத்திலிருந்து தொடரும். பதிவுப் புத்தகத்தில் “பந்து ஆட்டத்தில் உள்ளது” என்று எழுதிக் கையொப்பம் போட்டார். எல்லோரும் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறினார்கள்.

அணியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போன பிறகு கழகத்தில் மிஞ்சியவை ஒன்பது குழிகளும் ஒரு பில்லியர்ட்ஸ் மேசையும் சுவரில் மாட்டிய ஒரு மான்தலையும்தான். அவற்றுக்கு வாரிசாக வந்தவர்கள் இந்த நால்வர். டி வாஸ் மட்டுமே நிஜமாகத் தோட்டம் ஆண்ட துரை. மற்றவர்கள் கிளாக்கர் மரியரட்ணம், தேயிலை ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டீமேக்கர், டாக்டர் என்று கூப்பிட்டால் மறுக்காத, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற ஒரு டிஸ்பென்சர். நால்வரும் ஒரே நீலக் கோட்டு தைத்திருந்தார்கள். மலைநாட்டுக் கழகங்களுக்குள் நடந்த போட்டிகளில் பதினொரு கோப்பை வாங்கியிருந்தார்கள். அந்தப் பதினொன்றும் சோலைமலையின் வலது கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வந்தவை. செருப்பில்லாத காலால், நடை தடுமாறாமல், நீள்புல்லில் கிடக்கிற பந்தைக் கவ்வி வெட்டின புல்லில் கொண்டுபோய் வைக்க அவருக்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷமும் டி வாஸ் துரை எப்போதும் தூரத்து மலைகளின் அழகைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருபது வருஷத்தில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாதாமாதம் முதலாம் சனிக்கிழமை வேன் வந்தது. நால்வரும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏழாம் குழியடியில் நிற்பார்கள். “இருக்கா?” என்று துரை கேட்பார். சோலைமலை விரலை நீட்டி, “இருக்குங்க தொரை” என்பார். மரியரட்ணம் எழுதுவார். அந்த முதல் வருஷமே லயங்களில் மாவு இல்லாமல் பிணம் விழுந்தது. அணி சாண்ட்விச்சின் ஓரங்களை வெட்டிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டது. எழுபத்தைந்தில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பஸ் கண்டக்டர் டி வாஸைப் பார்த்து, “பெரியவரே, உள்ள தள்ளிப் போங்க” என்று சொல்ல ஆரம்பித்தான். அவரைத் துரை என்று கூப்பிடுகிற இடம் இலங்கையில் ஒன்றே ஒன்று, அந்தப் பந்துக்குக் கீழே ஒரு பரப்புப் புல், மிச்சமிருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பள்ளத்து லயம் எரிந்து, கூரைத் தகரம் வெந்து சுருண்டு கிடந்தபோது சந்திப்பு ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. காரணம் என்ற இடத்தில் “காலநிலை” என்று புத்தகத்தில் இருக்கிறது.

தோட்டத்து மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி சோலைமலையின் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதியிருந்தது. எழுபத்தொன்பதில் அவருக்கும் மனைவி நாகலெட்சுமிக்கும் மகள் மீனம்மாவுக்கும் கடவுச்சீட்டு வந்தது. புறப்பட இன்னொரு காகிதமும் வேண்டும்: இவருக்கு இங்கே இனி எந்த வேலையும் மிச்சமில்லை என்று வேலை கொடுத்தவர்கள், அவருக்கு என்றால் கழகம், தரும் கடிதம். கேட்கப் போனபோது மரியரட்ணம் மனவருத்தத்தோடுதான் மறுத்தார். “மிச்சமிருக்கேப்பா. பந்து இருக்கு, பாக்கிறவன் நீ ஒருத்தன்தான். பொய்க் கடிதத்துல நான் கையெழுத்து வைக்க மாட்டேன். எறங்கட்டும், அன்னைக்கே தாரேன்.” தாயும் மகளும் அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறினார்கள். மேடை முழுக்க அழுகைச் சத்தம். நாகலெட்சுமி அழவில்லை.

“ஏங்க, ஒரு பந்து பெருசா, நாங்க பெருசா?”

“எறங்கிரும் புள்ள. அடுத்த கப்பல்ல வந்திர்றேன். மேல போனது எறங்காமயா இருக்கும்?”

“உங்க தொரைமாரு அடிச்சதாச்சே. எறங்காதுங்க.”

கோச்சி போயிற்று. மாதத்துக்கு ஒரு கடிதம் கோத்தகிரியிலிருந்து வந்தது. டீமேக்கருக்குப் பை தூக்குகிற மூக்கனுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, அந்தக் கால் வெரலு என்ன வெரதமா இருக்கு? ஒரு பந்தப் போட்டுட்டு எறங்கிருச்சுன்னு சொல்லிட்டுப் போவீகளா!”

“போட்ருவேன்டா. நான் கப்பலேறின மறுநா நெசப் பந்து எறங்கிருச்சுன்னா? ரெண்டு பந்தாயிரும். அப்புறம் ரெண்டு ஆட்டம். இந்தியாவுக்கே ஆளனுப்பிக் கூப்பிடுவாங்க.” சோலைமலை இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். கிளாக்கரை அவருக்குத் தெரியும்.

எண்பத்து நான்கு ஓகஸ்ட் முதலாம் சனிக்கிழமை பந்து இறங்கியது. நால்வரும் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் பார்க்கவில்லை. சோலைமலை விரலை நீட்டியபடி நின்றார். புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. டொப்பென்று அவருடைய வலது காலுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. ஒரு பக்கம் பாசி பிடித்திருந்தது. இன்னொரு பக்கம் குருவி எச்சம். பச்சை எழுத்து நேற்றுப் போட்டது மாதிரி இருந்தது.

“எறங்கிருச்சுங்க! தொரை, எறங்கிருச்சுங்க!”

நால்வரும் வந்து பந்தைப் பார்த்தார்கள். பிறகு பந்துக்குப் பக்கத்திலிருந்த காலைப் பார்த்தார்கள். மரியரட்ணம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் குனிந்து எழுத்தை வாசித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோப்பை வாங்கின களை இல்லை, பென்சன் கடிதம் கையில் வந்த அன்றைக்கு இருந்த வாட்டம் இருந்தது. இனி ஒரே ஒரு அடி, தட்டிவிட்டால் குழியில் விழும். அதற்கப்புறம் வேன் வரவேண்டியதில்லை, கோட்டுக்கு இஸ்திரி போட வேண்டியதில்லை. டிஸ்பென்சர் தொண்டையைக் கனைத்தார். எங்கோ தேயிலைச் செடி வெட்டுகிற சத்தம் கேட்டது.

“சோலைமலை,” என்றார் டி வாஸ் துரை, முதல் தடவையாகத் தூரத்து மலைகளைப் பார்க்காமல், “முப்பது வருஷமா உன் கால் விரலை எனக்குத் தெரியும்.”

“சாமி சத்தியமா நான் தொடலைங்க தொரை. மத்த நாளெல்லாம் தொட்டேங்க. இன்னைக்குத் தொடலைங்க.”

அணி ஐந்து நிமிஷம் கூடிப் பேசியது. ஏமாற்று வேலையைக் கழகம் ஒருபோதும் பொறுத்ததில்லை என்றும், இது டி வாஸ் துரையின் பந்து அல்ல என்றும் ஒருமனதாக முடிவாயிற்று. பழைய சேவையை எண்ணி சோலைமலைக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. “இப்ப ஒழுங்கா மேல பாத்துச் சொல்லு,” என்றார் மரியரட்ணம், பேனாவைத் திறந்துகொண்டு. “இருக்கா?”

சோலைமலை மேலே பார்த்தார். பத்தரை வருஷத்தில் அப்படி வெறுமையாக அவர் அந்த வானத்தைக் கண்டதில்லை. பிறகு அந்த நாலு கிழட்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். டீமேக்கரின் வாயோரம் முட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. சோலைமலை வலது காலை முன்னால் வைத்தார். பெருவிரலாலும் அடுத்த விரலாலும் பந்தைக் கவ்வினார், காலை ஒரு வீச்சு வீசினார். பந்து மேலே போயிற்று. வரவில்லை. ஏழாம் குழிக்கு மேலேயும் அது நிற்கவில்லை. சிங்கமலைப் பக்கமாக, வடக்கே பார்த்து, அவசரமில்லாமல் நகர்ந்துபோய் மறைந்தது.

“இருக்குங்க தொரை,” என்றார். எழுதிக்கொண்டார்கள்.

ஒக்டோபரில் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோயிற்று. சண்டை என்றார்கள், பிறகு அது ஓடவேயில்லை. சோலைமலையின் கடவுச்சீட்டு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்து காலாவதியாயிற்று. மார்கழியில் மீனம்மாவின் கையெழுத்தில் நாகலெட்சுமி சொல்லியனுப்பிய கடிதம் வந்தது. எல்லோரும் சுகம். புதுத் தோட்டத்திலும் குளிர்தான். மூணு மாசமா நம்ம வீட்டுக்கு நேர் மேல ஒரு வெள்ளைப் புள்ளி நிக்குது, எனக்கும் புள்ளைக்கும் மட்டுந்தான் தெரியுது. அக்கம்பக்கத்துல சொன்னா, சிலோன்காரங்க சாமானெல்லாம் இப்படித்தான் பின்னாடியே வரும்னு சிரிக்கிறாங்க. அது எறங்குனா என்ன செய்யணும்னு எழுதுங்க.

பதில் எழுத அவருக்கு இரண்டு மாதமாயிற்று. தொட வேண்டாம், கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும் என்று எழுதினார். அதற்கிடையில் வந்த முதலாம் சனிக்கிழமை தூறல். துரைமார் குடைக்குக் கீழே நின்றார்கள். “இருக்கா?” என்று டி வாஸ் கேட்டார். சோலைமலை பள்ளத்து லயத்துப் பக்கம் காட்டவில்லை. விரலைச் சிங்கமலைக்கு அந்தப் பக்கம், கடல் இருக்கிற திக்கில் நீட்டி, “இருக்குங்க தொரை” என்றார். நால்வரும் அந்தப் பக்கமே பார்த்துத் தலையை ஆட்டினார்கள். மரியரட்ணம் எழுதி, மை நனையாமல் புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்தார். மூக்கன் சாண்ட்விச் கூடையை எடுத்துவந்தான்.